பைக்குக்கு அலாரம் வாங்கப் போறீங்களா? முதல்ல இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க!

புது பைக் புக் பண்ணும்போது ஷோரூமில் ஆக்சஸரீஸ் பட்டியல் ஒன்று நீளும். சீட் கவர், கிராஷ் கார்டு, சாரி கார்டு, மொபைல் ஹோல்டர்... அந்த வரிசையின் கடைசியில் 'செக்யூரிட்டி அலாரமும் போட்டுடலாமா சார்?' என்று ஒரு கேள்வி வரும். சரி, நாமே பார்த்து வாங்கிக்கலாம் என்று ஆன்லைனில் தேடினால் குழப்பம் இன்னும் கூடும். டிஸ்க் லாக் அலாரம், ரிமோட் அலாரம், ஜிபிஎஸ் டிராக்கர், ஸ்மார்ட் டேக் என வகை வகையாக வரும். எல்லாவற்றிலும் '110 டெசிபல்', '120 டெசிபல்' என்று பெரிய எண்கள் வேறு.

இதில் எதை வாங்குவது? அதிகம் சத்தம் போடுவதையா, ஆப் வசதி உள்ளதையா, ரிவ்யூவில் அஞ்சு ஸ்டார் வாங்கியதையா? அதற்கெல்லாம் முன்பு யோசிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது: ராத்திரி 2 மணிக்கு அந்த அலாரம் அடித்தால் அதைக் கேட்கப்போவது யார்? கேட்டவர் எத்தனை நிமிடத்தில் பைக் பக்கத்தில் வந்து நிற்பார்?

இந்தக் கேள்விக்கான பதிலை வைத்துத்தான் அலாரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எப்படி என்று பார்ப்போம்.

அலாரம் என்ன செய்யும், என்ன செய்யாது?

அலாரம் எந்தத் திருட்டையும் கையைப் பிடித்துத் தடுக்காது. அது செய்வது இரண்டே வேலை. ஒன்று, திருட வந்தவரைப் பதற்றப்பட வைக்கும். இரண்டு, உங்களையோ அக்கம்பக்கத்தினரையோ கூப்பிடும். கூப்பிட்டும் யாரும் வரவில்லை என்றால், அது வெறும் சத்தம்தான்.

பைக்கை நகரவிடாமல் தடுப்பது பூட்டின் வேலை. ஹேண்டில் லாக், வீல் லாக், தூணோடு சேர்த்துக் கட்டும் செயின், இன்ஜினை ஸ்டார்ட் ஆகவிடாத இம்மொபிலைசர் எல்லாம் இந்த ரகம். கார் போல இல்லாமல், டூ-வீலரை இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கி ஒரு சின்ன யானை வண்டியில் ஏற்றிவிடலாம். அதனால் ஸ்டார்ட் ஆகாத பைக்கும் காணாமல் போக வாய்ப்பு உண்டு. பூட்டு திருடருக்கு நேரத்தை இழுக்கும். அந்த நேரத்துக்குள் ஆளை வரவழைக்க வேண்டியது அலாரம். ஒன்றுக்கு இன்னொன்று மாற்று கிடையாது.

110 டெசிபல் நிஜமாவே எவ்வளவு தூரம் கேட்கும்?

பெட்டியில் போட்டிருக்கும் டெசிபல் எண், சைரனுக்கு மிக அருகில் வைத்து அளந்தது. திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கு ஆகும்போதெல்லாம் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். 1 மீட்டரில் 110 டெசிபல் என்றால் 2 மீட்டரில் 104, 4 மீட்டரில் 98, 8 மீட்டரில் 92, 16 மீட்டரில் 86, 32 மீட்டரில் 80 டெசிபல்.

80 டெசிபல் என்பது ரோட்டில் நிற்பவருக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் நீங்கள் மூன்றாவது மாடியில், ஜன்னலை மூடி, ஏசி போட்டு, ஃபேனும் ஓடவிட்டுத் தூங்குகிறீர்கள். மூடிய ஜன்னலும் சுவரும் சத்தத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மிச்சம் வருவது எங்கோ தூரத்தில் அடிக்கும் ஹாரன் போலத்தான் இருக்கும். சென்னை வெயில் காலத்தில் எத்தனை வீடுகளில் ஜன்னல் திறந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதே சைரன், தரைத்தள வீட்டின் வாசலில் நிற்கும் பைக்கில் அடித்தால் வீடே எழுந்துவிடும். அதே 110 டெசிபல்தான், பலன் மட்டும் வேறு.

வகைகள் என்னென்ன?

டிஸ்க் லாக் அலாரம்: முன் டிஸ்க்கின் ஓட்டையில் மாட்டும் பூட்டு. உள்ளே சின்ன பேட்டரியும் அசைவை உணரும் சென்சாரும் இருக்கும். லேசாக அசைத்தால் எச்சரிக்கையாக 'பீப்', தொடர்ந்து ஆட்டினால் முழு சைரன். பைக்கின் வயரிங்கைத் தொடவே வேண்டாம் என்பதும், பூட்டும் அலாரமும் ஒன்றாக இருப்பதும் இதன் பிளஸ். மைனஸ்? டிரம் பிரேக் உள்ள பைக்குகளில் மாட்டவே முடியாது. டிவிஎஸ் எக்ஸ்எல் 100 போன்ற வண்டிகளுக்கும், பல கம்யூட்டர் பைக்குகளின் டிரம் வேரியன்ட்டுகளுக்கும் இது செட் ஆகாது. இன்னொன்று, பூட்டியதை மறந்துவிட்டு ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் வண்டியோடு விழ வேண்டியதுதான். பிரேக் கேலிப்பரும் அடிபடும். ஹேண்டில்பாரையும் பூட்டையும் இணைக்கும் கலர் சுருள் கேபிள் சேர்த்துத் தருகிறார்களா என்று பாருங்கள். அது ஞாபகப்படுத்த மட்டுமே, ஆனால் அவசியம்.

ரிமோட் அலாரம்: பைக்கின் 12 வோல்ட் பேட்டரியில் இணைக்கும் சைரன். கையில் ரிமோட் இருக்கும். சாவி இல்லாமல் இக்னிஷன் ஆன் ஆனாலோ, வண்டி ஆடினாலோ கத்தும். வாங்கும்போது ரிமோட் 'ரோலிங் கோடு' வகையா என்று கேளுங்கள். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் சிக்னல் மாறும் வகை அது. ஒரே சிக்னலை எப்போதும் அனுப்பும் மலிவு ரிமோட்டுகளை நகலெடுப்பது சுலபம்.

ஜிபிஎஸ் டிராக்கர்: இது சத்தம் போடாது, உங்கள் போனுக்குத் தகவல் அனுப்பும். உள்ளே ஒரு சிம் இருக்கும். வண்டி அசைந்தால், குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால், பேட்டரி வயரைக் கழற்றினால் அலர்ட் வரும். இதில் ஒளிந்திருக்கும் செலவு, சிம் ரீசார்ஜும் ஆப் சந்தாவும். முதல் வருடம் இலவசம் என்று கொடுப்பார்கள். இரண்டாம் வருடக் கட்டணம் எவ்வளவு என்பதை வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். இன்னொரு விஷயம், 2ஜி-யில் மட்டும் இயங்கும் பழைய டிராக்கரில் ஜியோ சிம் வேலை செய்யாது. ஜியோவிடம் 2ஜி நெட்வொர்க்கே கிடையாது. 4ஜி டிராக்கரா என்று பார்த்து வாங்குவது நல்லது.

ஸ்மார்ட் டேக்: ஆப்பிள் ஏர்டேக் போன்ற குட்டி வில்லைகள். இதில் ஜிபிஎஸ்ஸும் இல்லை, சிம்மும் இல்லை. பக்கத்தில் போகிறவர்களின் போன்கள் வழியாகத்தான் இருக்கும் இடத்தைச் சொல்லும். மாதக் கட்டணம் இல்லை, காயின் பேட்டரி ஏறக்குறைய ஒரு வருடம் தாங்கும். ஆனால் ஒருவரை ரகசியமாகப் பின்தொடர்வதைத் தடுக்க, 'தெரியாத டேக் ஒன்று உங்களோடு பயணிக்கிறது' என்று அறிமுகமில்லாதவர் போனுக்கும் எச்சரிக்கை போகும். அதாவது, வண்டியை ஓட்டிச் செல்லும் திருடருக்கும் தகவல் போய்ச் சேரும். எனவே இதைக் கூடுதல் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளலாம், இதை மட்டுமே நம்ப முடியாது.

ஏற்கெனவே உங்க வண்டியிலேயே இருக்கலாம்: ஹோண்டா ஆக்டிவாவின் 2023-ல் வந்த ஹெச்-ஸ்மார்ட் வேரியன்ட்டில் ஸ்மார்ட் கீயும் இம்மொபிலைசரும் உண்டு. பல எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்களில் வண்டியை யாராவது நகர்த்தினால் ஆப்புக்கு அலர்ட் அனுப்பும் வசதி வேரியன்ட்டைப் பொறுத்து இருக்கிறது. காசு செலவழிக்கும் முன் ஓனர்ஸ் மேனுவலை ஒருமுறை புரட்டுங்கள்.

உங்க பைக் ராத்திரி எங்கே நிக்குது?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம்.

*தனி வீடு, வாசல் அல்லது போர்ட்டிகோ:* சத்தம் கேட்கும், ஆளும் உடனே வருவார். டிஸ்க் லாக் அலாரமோ ரிமோட் அலாரமோ போதும். கூடவே கேட் கம்பியோடு ஒரு செயின்.

*அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்:* மேல்மாடிக்குச் சைரன் கேட்காது. அதே சமயம் பேஸ்மென்ட்டில் மொபைல் சிக்னலும் ஜிபிஎஸ் சிக்னலும் சரியாகக் கிடைக்காது. எனவே டிராக்கரின் அலர்ட்டும் வண்டி வெளியே போன பிறகுதான் வரலாம். இங்கே சத்தத்தைக் கேட்கப்போகிறவர் செக்யூரிட்டி. அவர் இரவில் எங்கே உட்கார்ந்திருக்கிறார், அங்கே கேட்கிறதா என்பதை ஒருநாள் அலாரத்தை அடிக்கவிட்டே சோதித்துப் பாருங்கள். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். தூணோடு கட்டும் தடிமனான செயின் இங்கே அலாரத்தைவிட அதிகம் உதவும்.

*தெருவோரம், பிஜி, மேன்ஷன்:* வேளச்சேரி, ஓஎம்ஆர் பக்கம் பிஜி-யில் தங்கியிருப்பவர்களின் நிலை இதுதான். பஸ், லாரி போனாலே அதிர்வில் அலாரம் அடிக்கும். தீபாவளி வெடிக்கும் அடிக்கும், இடிக்கும் அடிக்கும், சீட்டில் ஏறும் பூனைக்கும் அடிக்கும். நாலு நாள் இப்படிக் கத்தினால் ஐந்தாவது நாள் தெருவே கண்டுகொள்ளாது. சென்சாரின் உணர்திறனைக் கூட்டிக் குறைக்க முடிகிற மாடல் மட்டுமே இங்கே சரிப்படும். ஒரு முறை அடித்தால் எத்தனை நொடியில் தானாக நிற்கிறது என்றும் பாருங்கள். குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலி அளவு 45 டெசிபல்தான் இருக்கலாம் என்கிறது ஒலி மாசு விதிகள். விடிய விடியக் கத்தும் அலாரத்தால் பக்கத்து வீட்டோடு சண்டை வந்ததுதான் மிச்சம் என்றாகிவிடக் கூடாது.

*ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டு:* தாம்பரத்திலோ செங்கல்பட்டிலோ காலையில் வண்டியை விட்டுவிட்டு இரவில் எடுப்பவர்களுக்குச் சைரனால் பெரிய பிரயோஜனம் இல்லை. நெருக்கமாக அடுக்கியிருக்கும் வண்டிகளை ஸ்டாண்டு ஊழியர்களே நாள் முழுக்க நகர்த்துவார்கள். அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். நீங்களோ 30 கிலோமீட்டர் தள்ளி ஆபீஸில். இங்கே ஜிபிஎஸ் டிராக்கர்தான் பொருத்தம். டோக்கனை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

*டெலிவரி வேலை:* ஒரு நாளைக்கு முப்பது முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் வண்டியை நிறுத்துபவர் ஒவ்வொரு தடவையும் டிஸ்க் லாக் மாட்டிக் கழற்ற முடியாது. வண்டி போனால் அன்றைய வருமானமும் போச்சு. இவர்களுக்கு இக்னிஷன் ஆஃப் ஆனவுடன் தானாகவே ஆன் ஆகும் அலாரமும், மறைவாகப் பொருத்திய டிராக்கரும் உதவும். எல்லாவற்றுக்கும் மேலாக, 'ரெண்டு நிமிஷம்தானே' என்று சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு மாடி ஏறாமல் இருப்பது.

பேட்டரி காலியாகிடுமா?

ஆகலாம். சின்ன கம்யூட்டர் பைக்குகளின் பேட்டரி 3 ஆம்பியர்-ஹவர் அளவுக்கே சிறியதாக இருக்கும். 5 மில்லி ஆம்பியர் மட்டும் எடுக்கும் அலாரம் ஒரு நாளைக்கு 0.12 ஆம்பியர்-ஹவரை இழுக்கும். தினமும் ஓட்டும் வண்டிக்கு இது பிரச்னையே இல்லை. ஆனால் சராசரியாக 30 மில்லி ஆம்பியர் எடுக்கும் டிராக்கர் என்றால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-ஹவர். பொங்கலுக்கு ஊருக்குப் போய் நாலு நாள் கழித்து வந்தால் செல்ஃப் எடுக்காது. கிக்கர் இல்லாத வண்டி என்றால் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். வண்டி நிற்கும்போது 'ஸ்லீப் மோடு'க்குப் போகிறதா, அப்போது எத்தனை மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்பதை ஸ்பெசிஃபிகேஷனில் தேடுங்கள். அந்த எண்ணே போடாத மாடலைத் தவிர்க்கலாம்.

வயரிங் விஷயத்திலும் கவனம் தேவை. கம்பெனி வயரை வெட்டி, டேப் சுற்றி இணைத்தால் எலெக்ட்ரிக்கல் வாரன்ட்டி கேள்விக்குறியாகலாம். அண்ணாசாலை பக்கம் ஜிபி ரோட்டில் எந்தக் கடைக்குப் போனாலும் அரை மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். வயரை வெட்டாமல் கப்ளரில் சொருகும் வகையா, ஃப்யூஸ் தனியாக உண்டா என்று மட்டும் முதலில் கேளுங்கள். மழையும் வாட்டர் வாஷும் தாங்க ஐபி65 அல்லது ஐபி67 ரேட்டிங் இருப்பது நல்லது.

வேண்டவே வேண்டாம் என்று சொல்ல வேண்டிய ஃபீச்சர்கள்

ரிமோட் ஸ்டார்ட்: பார்க்க கெத்தாக இருக்கும். ஆனால் சாவி சுவிட்சைச் சுற்றி இன்னொரு வழி போட்டால்தான் இது வேலை செய்யும். வண்டி கியரில் நின்றிருக்கும்போது தெரியாமல் பட்டனை அழுத்தினால் முன்னால் பாய்ந்துவிடலாம்.

ஓடும்போது இன்ஜின் கட்: திருடர் ஓட்டிக்கொண்டு போகும்போது போனிலிருந்தே நிறுத்தலாம் என்பார்கள். அந்த ரிலே பழுதானால், கத்திப்பாரா மேம்பாலத்தில் பின்னால் பஸ் வரும்போது உங்கள் இன்ஜினும் நிற்கும். வண்டி நின்றிருக்கும்போது மட்டும் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் வகையே பாதுகாப்பானது.

ஆம்புலன்ஸ், போலீஸ் சைரன் போன்ற ஒலிகளை ஹாரனோடு இணைப்பதும் வேண்டாம். பல ஸ்வரங்களில் மாறி மாறி ஒலிக்கும் ஹாரன்களை மோட்டார் வாகன விதிகள் தடை செய்கின்றன.

அலாரத்துக்கு முன்னாடி இன்ஷூரன்ஸைப் பாருங்க

பலரும் சறுக்கும் இடம் இதுதான். 2018 செப்டம்பர் 1 முதல் புது டூ-வீலர்களுக்கு 5 வருட தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயம். பாலிசியில் '5 வருடம்' என்று பார்த்ததும் எல்லாம் கவர் ஆகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். தேர்டு பார்ட்டி என்பது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டும்தான். வண்டி திருடு போனால் பணம் தருவது 'ஓன் டேமேஜ்' பகுதி. 1+5 பாலிசிகளில் அது முதல் வருடத்தோடு முடிந்துவிடும். இரண்டாவது வருடத்திலிருந்து தனியாகப் புதுப்பிக்க வேண்டும்.

புதுப்பிக்காமல் வண்டி திருடு போனால் இன்ஷூரன்ஸிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது. ஆனால் லோன் நிற்காது. இல்லாத வண்டிக்கு மாதாமாதம் இஎம்ஐ கட்ட வேண்டியிருக்கும். ஓன் டேமேஜ் இருந்தாலும் கிடைப்பது ஐடிவி எனப்படும் மதிப்பு மட்டுமே. 2 முதல் 3 வருடமான வண்டிக்கு 30 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். கம்பெனி விலை 1 லட்சம் என்றால் 70 ஆயிரம். லோன் பாக்கி இருந்தால் அதுவும் முதலில் கடன் கொடுத்தவருக்குத்தான் போகும்.

'அலாரம் போட்டால் பிரீமியம் குறையும்' என்று கடையில் சொல்வார்கள். ஏஆர்ஏஐ அங்கீகாரம் பெற்ற கருவியாக இருந்தால் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 2.5 சதவீதம் தள்ளுபடிக்கு வழி உண்டு. ஓன் டேமேஜ் பிரீமியம் 1,500 ரூபாய் என்றால் தள்ளுபடி 37 ரூபாய் 50 காசு. அதற்காக அலாரம் வாங்க வேண்டாம்.

அலாரம் இருந்தும் வண்டி போயிடுச்சா?

முதலில் 112-க்கு போன். டிராக்கர் லொகேஷன் காட்டினால் அதை போலீஸிடம் பகிருங்கள். நண்பர்களைக் கூட்டிக்கொண்டு நீங்களே அந்த இடத்துக்குப் போய் நிற்காதீர்கள். அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

புகார் கொடுத்ததும் கையில் சிஎஸ்ஆர் ரசீது வரலாம். இன்ஷூரன்ஸ் கிளெய்முக்கு அது போதாது, எஃப்ஐஆர் வேண்டும். பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 173-வது பிரிவின்படி, சம்பவம் எந்தப் பகுதியில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். மின்னணு முறையில் அனுப்பினால் 3 நாளுக்குள் நேரில் கையெழுத்துப் போட வேண்டும். வண்டி கிடைக்கவில்லை என்றால், 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று போலீஸ் தரும் சான்றிதழையும் இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கும்.

கம்பெனிக்கும் அன்றே தகவல் சொல்லிவிடுவது நல்லது. எஃப்ஐஆர் உடனடியாகப் பதிவாகியிருந்தால், கம்பெனிக்குச் சொல்வதில் தாமதம் என்பதை மட்டுமே காரணமாக்கி கிளெய்மை மறுக்க முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டு ஒரிஜினல் சாவிகளையும் கேட்பார்கள். எனவே ஸ்பேர் சாவி எங்கே இருக்கிறது என்பதை இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள். சாவியை வண்டியிலேயே விட்டிருந்தால் முழுத் தொகை கிடைப்பது கஷ்டம். டிரைவர் சாவியை வண்டியில் விட்டுச் சென்றபோது திருடு போன ஒரு லாரி வழக்கில், 2023-ல் உச்ச நீதிமன்றம் 75 சதவீதத் தொகைக்குத்தான் உத்தரவிட்டது.

சுருக்கமா சொன்னா...

- சத்தம் கேட்கும் தூரத்தில் நீங்களோ செக்யூரிட்டியோ இருந்தால்: டிஸ்க் லாக் அலாரம் அல்லது ரிமோட் அலாரம், கூடவே செயின்.
- யாரும் இல்லாத இடத்தில் நிறுத்துகிறீர்கள் என்றால்: 4ஜி ஜிபிஎஸ் டிராக்கர், கூடவே செயின்.
- டிரம் பிரேக் வண்டி என்றால்: டிஸ்க் லாக்கை மறந்துவிடுங்கள்.
- பட்ஜெட் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால்: முதலில் ஓன் டேமேஜ் இன்ஷூரன்ஸ், அடுத்து ஒரு நல்ல செயின், அதற்கப்புறம் அலாரம்.

இதைப் படித்து முடித்ததும் ஆன்லைன் ஷாப்பிங் ஆப்பைத் திறக்கும் முன், பாலிசி பிடிஎஃப்-ஐத் திறந்து ஓன் டேமேஜ் எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். அந்தத் தேதி தாண்டியிருந்தால், அலாரம் அடுத்த மாதச் சம்பளம் வரை காத்திருக்கலாம்.